தூங்கும்போது மட்டும் நனையும் படுக்கை: மல்லியின் கதை

(ஆடியோவில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். "அது வந்து", "பாத்தீங்கன்னா" எல்லாத்தையும் எடுத்தாச்சு. நடுவுல கேட்ட குறட்டைச் சத்தம் மல்லியோடது, அதை எழுத முடியல.)

இந்த வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பத்திப் பேசுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகுது. ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி "நைட்டு மூணு மணிக்கு நாய்ப் படுக்கை துவைச்சேன்"னு போகிற போக்குல ஒரு வரி சொன்னேன். அதைப் பிடிச்சுக்கிட்டு வந்த மெயில்கள், நான் ஆறு மாசமா கோடிங் பத்திப் பேசினதுக்கு வந்ததை விட அதிகம். சரி, பேசிடலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மெக்கானிக்கல் படிச்சிட்டு சாஃப்ட்வேர் எழுதுற கூட்டத்துல ஒருத்தன். அதனால மருந்து அளவு எதுவும் சொல்லப் போறதில்ல. என்ன பார்த்தோம், எந்த வரிசையில பார்த்தோம், டாக்டர் என்ன சொன்னாங்க, அதை மட்டும் சொல்றேன்.

புதுசா கேக்கறவங்களுக்கு: மல்லி நாங்க மெல்பர்ன்ல வளர்க்கிற கிரேஹவுண்ட். பந்தயத்துல ஓடி ஓய்வு பெற்றவள். காதுக்குள்ள பச்சை குத்தின அடையாளம் இன்னும் இருக்கு. 28 கிலோ, இப்ப ஆறு வயசு. நாலு வயசுல எங்க வீட்டுக்கு வந்தா. இங்க ஓய்வு பெற்ற கிரேஹவுண்டைத் தத்துக் கொடுக்கும்போது கருத்தடை ஆபரேஷன் முடிச்சுத்தான் கொடுப்பாங்க. இந்த விஷயம் பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்குங்க.

பந்தய நாய்கள் வளர்ற கொட்டில்ல எல்லாம் நேரப்படிதான் நடக்கும். ஒரு நாளைக்கு இத்தனை தடவைன்னு வெளியில விடுவாங்க, அப்ப எல்லாம் முடிச்சிடணும். அதனால இந்த நாய்கள் பொதுவாவே தூங்குற இடத்தை அசிங்கம் பண்ணாது. மல்லியும் அப்படித்தான். வந்த முதல் ரெண்டு வருஷத்துல வீட்டுக்குள்ள ஒரு சொட்டு கிடையாது. அப்படிப்பட்டவள் படுத்திருந்த இடம் திடீர்னு நனைய ஆரம்பிச்சது. முதல்ல உள்ளங்கை அளவு. ஒரு மாசத்துல சாப்பாட்டுத் தட்டு அளவு. தினமும் இல்ல, வாரத்துக்கு மூணு நாலு தடவை.

எங்க வீடு வாடகை வீடு. சுவத்துலேர்ந்து சுவர் வரைக்கும் கார்ப்பெட். விக்டோரியா மாநிலத்துல 2020 மார்ச்லேர்ந்து வந்த சட்டப்படி, வீட்டுக்காரர் காரணமில்லாம "நாய் கூடாது"ன்னு சொல்ல முடியாது. ஆனா கார்ப்பெட்டுக்குச் சேதம் வந்தா அது நம்ம பாண்டுல, அதாவது அட்வான்ஸ்ல, கழியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன் வேற. அடுத்ததுக்கு ஆறு வாரம்தான் இருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி என் மனைவி, படுக்கை உறையை மெஷின்ல போட்டுட்டு வந்து, "இவளைத் திருப்பிக் கொடுக்கிற நிலைமை வந்தா என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. கோவத்துல இல்ல, பயத்துல. ரெண்டு பேரும் அன்னைக்குத் தூங்கல. அவ மட்டும் நாலு காலையும் மேல தூக்கிக்கிட்டு நல்லாத் தூங்கினா.

அந்த நேரத்துல மதுரையிலேர்ந்து அம்மா வந்திருந்தாங்க, மூணு மாச விசாவுல. நாய் சோபாவுல படுக்குறதையே அவங்களால ஜீரணிக்க முடியல. ஆனா பகல் பூரா வீட்டுல இருந்தது அவங்கதான். ஒரு வாரம் பார்த்துட்டு சொன்னாங்க: "டேய், இவ ஒண்ணுக்குப் போகலடா. நடக்கும்போது ஒரு சொட்டு விழல, நின்னா விழல. அசந்து தூங்குறப்ப மட்டும்தான் வருது. அவளுக்கே தெரியல, எந்திரிச்சு நனைஞ்ச இடத்தை மோந்து பார்த்து முழிக்கிறா."

இந்த ஒரு கவனிப்பு பாதி வேலையை முடிச்சிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

"நாய்க்கு யூரின் பிரச்சினை"ன்னு நாம ஒரே பேர்ல சொல்றது உண்மையில வேற வேற விஷயங்கள். ஒண்ணு, தெரியாமலே கசியறது. ரெண்டு, தண்ணி நிறையக் குடிச்சு நிறையப் போறது. சர்க்கரை நோய், சிறுநீரகம், குஷிங் நோய்னு காரணம் பல இருக்கும், பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மருந்து கொடுத்தாலும் இப்படி ஆகும். மூணு, அடிக்கடி குந்தி, கொஞ்சம் கொஞ்சமா, கஷ்டப்பட்டுப் போறது. கிருமித் தொற்று, கல். நாலு, தெரிஞ்சே வீட்டுக்குள்ள போறது. பயம், தனிமை, இல்லேன்னா வெளியே போகப் பிடிக்காம. இந்த நாலாவதைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. கிரேஹவுண்டுக்கு உடம்புல கொழுப்பே கிடையாது, முடியும் மெல்லிசு. மெல்பர்ன் ஜூலை மாச மழையில கதவைத் திறந்தா, வெளியே ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை, திரும்பிப் போய்ப் படுத்துடுவா. அதே மாதிரி இந்த இனத்துக்குப் பாதத்துல ஆணி வர்றது சகஜம். ஆணி இருக்கிற நாய் கல்லு, சிமெண்ட்ல கால் வைக்க மாட்டேங்கும், அடக்கிக்கிட்டே இருக்கும். பிரச்சினை சிறுநீர்ப்பையில இல்ல, கால்ல.

ஆபீஸ்ல ஒரு பக் வந்தா முதல்ல கேக்கறது "எப்ப வருது, எப்ப வரல?" இங்கயும் அதேதான் பண்ணோம். ஃபிரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டினோம். என்ன நேரம், தூக்கமா முழிப்பா, எவ்வளவு பெரிய ஈரம், நிறம், கடைசியா வெளியே போனது எப்போ. செயலி, எக்செல் எதுவும் இல்ல, ஏன்னா எழுதப்போறது அம்மா. பத்து நாள்ல பதினொரு தடவை எழுதியிருந்தாங்க, பதினொண்ணும் தூக்கத்துல.

தண்ணியையும் அளந்தோம். காலைல அளவு ஜாடியில மூணு லிட்டர் எடுத்து, அதிலிருந்து மட்டும் கிண்ணத்துல ஊத்தி, மறுநாள் காலைல மீதியை அளந்து கழிக்கணும். நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50, 60 மில்லி வரைக்கும் குடிச்சா சாதாரணம். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினா நிச்சயமா அதிகம். 28 கிலோவுக்கு அது 2.8 லிட்டர். மல்லி குடிச்சது 1.2லேர்ந்து 1.4 லிட்டர். ஆக, ரெண்டாவது வகை இல்ல.

இந்தத் தாள் எல்லாம் தயாராகுறதுக்கு முன்னாடியே, பக்கத்துல இருக்கிற ஒரு கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்திருந்தோம். ரிப்போர்ட் வந்துச்சு. கிரியாட்டினின் 165, இங்கத்த அளவுல, அதாவது மைக்ரோமோல். நம்ம ஊர் மில்லிகிராம் கணக்குல கிட்டத்தட்ட 1.87. லேப் போட்டிருந்த மேல் எல்லை 159. தாள்ல சிவப்பு எழுத்து. "சிறுநீரகம் பழுதாக ஆரம்பிச்சிருக்கு, இரண்டாம் கட்டமா இருக்கலாம், புரதம் குறைச்ச உணவுக்கு மாத்திடுங்க"ன்னு போன்ல சொன்னாங்க. ஆறு வயசு நாய்க்கு. அந்த போன் காலுக்கு அப்புறம் வீட்டுல யாரும் கார்ப்பெட்டைப் பத்திப் பேசல.

இங்கதான் இந்த எபிசோடோட முக்கியமான பகுதி வருது. கிரேஹவுண்ட் வெச்சிருக்கிறவங்க இதை மட்டும் கேட்டாக்கூடப் போதும்.

கிரியாட்டினின்ங்கிறது தசையிலேர்ந்து வர்ற கழிவு. தசை அதிகம்னா அதுவும் அதிகம். கிரேஹவுண்ட் உடம்பே தசைதான். அதனால நல்லா இருக்கிற கிரேஹவுண்டுக்கே மற்ற நாய்களை விட கிரியாட்டினின் கூடத்தான் இருக்கும். இது ஆய்வுகள்ல பதிவான விஷயம். கிரியாட்டினின் மட்டும் இல்ல, ரத்தச் சிவப்பணுக்கள் அதிகமா இருக்கும், தட்டணுக்கள் குறைவா இருக்கும், தைராய்டு அளவு குறைவா இருக்கும். எல்லாமே இந்த இனத்துக்குச் சாதாரணம். சிறுநீரகத்துக்குன்னு பார்க்கிற எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு டெஸ்ட்கூட இவங்களுக்குக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். லேப் தாள்ல அச்சடிச்சிருக்கிற எல்லை எல்லா நாய்க்கும் பொதுவானது. லாப்ரடாருக்குத் தைச்ச சட்டையை இவளுக்குப் போட்டுப் பார்த்து "உடம்பு சரியில்ல"ன்னு சொல்ற மாதிரி.

ரெண்டாவது அபிப்ராயத்துக்கு, ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளை நிறையப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். ரிப்போர்ட்டை ஒரு நிமிஷம் பார்த்துட்டு அவங்க கேட்டது ஒரே கேள்வி: "யூரின் அடர்த்தி எவ்வளவு?" அந்த டெஸ்ட்டே எடுக்கப்படல.

சிறுநீரகம் கெடும்போது, தண்ணியை உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கிட்டு யூரினைக் கெட்டியாக்குற திறமை குறையும். அப்ப யூரின் அடர்த்தி 1.008லேர்ந்து 1.012க்குள்ள போய் நின்னுடும். நாய்க்கு 1.030க்கு மேல இருந்தா சிறுநீரகம் தன் வேலையை ஒழுங்காச் செய்யுதுன்னு ஒரு நல்ல அடையாளம். காலைல முதல் யூரினைப் பிடிச்சுக் கொண்டு வரச் சொன்னாங்க.

யூரின் பிடிக்கிறது ஒரு தனிக் கலை. பெண் கிரேஹவுண்ட் குந்தும்போது தரைக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கிற இடம் ஒரு சாண்கூட இருக்காது. கிண்ணத்தை நீட்டினா எழுந்து நடந்துடுவா. அம்மா கொண்டு வந்த சாம்பார் கரண்டி, நீளக் காம்பு, அதுதான் கை கொடுத்துச்சு. (அந்தக் கரண்டி இப்ப சமையலறைக்குத் திரும்பி வராதுன்னு ஒப்பந்தம்.) அவ ஆரம்பிச்ச அப்புறம் பின்னாலேர்ந்து மெதுவா நுழைக்கணும். கழுவிக் காய்ஞ்ச பாட்டில்ல ஊத்தி, உடனே கொண்டு போக முடியலேன்னா ஃபிரிட்ஜ்ல வெச்சு, சில மணி நேரத்துக்குள்ள கொடுத்துடணும்.

அடர்த்தி 1.038. புரதம் இல்ல, சர்க்கரை இல்ல. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்றேன்: "இது பழுதான சிறுநீரகம் செய்யுற வேலை இல்லை." பழைய சாப்பாட்டையே தொடரச் சொன்னாங்க. கிரியாட்டினினை ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்த்து, இவளோட சொந்த அளவு என்னங்கிறதை வெச்சுக்கலாம்னாங்க. மறுபடி பார்த்தப்ப 161. ஏறல.

அதோட நிக்காம இன்னும் ரெண்டு விஷயம் பார்த்தாங்க. அல்ட்ராசவுண்ட்ல பார்த்துக்கிட்டே சிறுநீர்ப்பைக்குள்ள நேரா ஊசி விட்டு யூரின் எடுத்து கல்ச்சர் போட்டாங்க. கரண்டியில பிடிச்சதுல தோல், தரையோட கிருமி கலந்திருக்கும், கல்ச்சருக்கு உதவாது. கிருமி எதுவும் வளரல, கல்லும் இல்ல. இதைப் பார்க்காமலே "எதுக்கும் ஒரு ஆன்டிபயாட்டிக் போட்டுப் பார்க்கலாம்"னு ஆரம்பிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. பக் எங்க இருக்குன்னு தெரியாம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற கதை அது.

அப்புறம் முதுகு. வயசான கிரேஹவுண்டுகளுக்கு இடுப்புக்கிட்ட முதுகெலும்பு இடுங்கி நரம்பை அழுத்துறது வர்றதுண்டு. படுத்து எழும்பக் கஷ்டப்படும், கார்ல ஏறத் தயங்கும், வால் தொங்கும், போகப் போக யூரினும் மலமும் கட்டுப்பாடு இல்லாம வரும். வால் அடியில அழுத்திப் பார்த்தாங்க, வாலைத் தூக்கிப் பார்த்தாங்க. மல்லி திரும்பி டாக்டர் கையை நக்கினா. வலி இல்ல.

மிச்சம் இருந்தது, அம்மா சொன்ன அதேதான். கருத்தடைக்கு அப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறையும். சிறுநீர்க் குழாயை இறுக்கி மூடி வெச்சிருக்கிற சுருக்குத் தசையோட பிடி தளரும். முழிச்சிருக்கும்போது சமாளிச்சிடும், ஆழ்ந்த தூக்கத்துல விட்டுடும். ஆபரேஷன் ஆன உடனே வரணும்னு இல்ல, வருஷங்கள் கழிச்சும் வரும். 20 கிலோவுக்கு மேல இருக்கிற பெரிய இனங்கள்ல இது அதிகம். அதுக்கு நாயைத் திட்டுறது, மூக்கை அதுல கொண்டு போய் வைக்கிறது எல்லாம் அநியாயம். அவளுக்குத் தெரிஞ்சு நடக்கிறது இல்ல.

மருந்து, பீனைல்புரோபனாலமைன். தினமும் சாப்பாட்டோட கொடுக்கிற சிரப். அந்தத் தசையை இறுக வைக்கும். கூடவே ரத்த அழுத்தத்தையும் ஏத்தும். கிரேஹவுண்டுக்கு அழுத்தம் சாதாரணமாவே மற்ற நாய்களை விட அதிகம், ஆஸ்பத்திரி வாசனை பட்டா இன்னும் ஏறும். அதனால ஒரு அமைதியான அறையில கால் மணி நேரம் எங்களோட படுக்க விட்டு, அப்புறம் நாலஞ்சு தடவை அளந்து சராசரி எடுத்தாங்க. மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல மறுபடி அளந்தாங்க. உங்க டாக்டர் இதைச் சொல்லலேன்னா நீங்க கேளுங்க.

மூணாவது நாள் படுக்கை காய்ஞ்சிருந்துச்சு. ஒரு வாரம் காய்ஞ்சே இருந்துச்சு. ஆனா ராத்திரி நிலை கொள்ளாம ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் நடந்தா, சாப்பாடு பாதி மீந்துச்சு. அதுவும் இந்த மருந்தோட குணம்தான். டாக்டர் அளவைக் குறைச்சாங்க. இப்ப நடை இல்ல, சாப்பாடு காலி. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை சின்ன ஈரம் இருக்கு. முழுசா நின்னுடுச்சுன்னு சொன்னா பொய். இது ஒத்துக்காத நாய்களுக்கு எஸ்ட்ரியால் மாத்திரைன்னு இன்னொரு வழி இருக்கு, சில சமயம் ரெண்டையும் சேர்த்தும் கொடுப்பாங்களாம். எங்களுக்கு அந்தத் தேவை வரல.

படுக்கை பத்தி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. கிரேஹவுண்ட் தோல் காகிதம் மாதிரி. நிறையப் பேருக்குத் தொடைப் பின்பக்கம் முடியே இருக்காது, வழுக்கை. ஈரம் நேரா தோல்ல படும், சிவந்து புண்ணாகும். அதனால அடியில தடிமனான மெத்தை, எலும்பு குத்தக் கூடாது. அதுக்கு வாட்டர்புரூஃப் உறை. அதுக்கு மேல ஈரத்தைக் கீழ இறக்கிட்டு மேல்பக்கம் காய்ஞ்சிருக்கிற கம்பளித் துணி, இங்க வெட்பெட்னு கேட்டா கொடுப்பாங்க. மூணு வாங்கி வெச்சோம். ஒண்ணு தரையில, ஒண்ணு மெஷின்ல, ஒண்ணு கொடியில. எழுந்ததும் தொடையை வெறும் தண்ணித் துணியால துடைச்சு, ஒத்தி எடுத்துடுவோம். டயப்பர் ரெண்டு வகை வாங்கிப் பார்த்தோம். பெரிய நெஞ்சு, ஒட்டின இடுப்பு; நாலு அடி நடந்ததும் கழண்டு பின்னால இழுபடுது. பணம் வீண்னுதான் சொல்வேன்.

கார்ப்பெட்டுக்கு என்சைம் கிளீனர்தான். அமோனியா கலந்தது வேண்டாம், நாய் மூக்குக்கு அது யூரின் மாதிரியே இருக்கும், அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

இன்னொண்ணு. தூங்குற கிரேஹவுண்ட் அடியிலேர்ந்து ஈரத் துணியை உருவாதீங்க. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டேகூடத் தூங்கும், முழிச்சிருக்குன்னு ஏமாந்துடுவோம். திடுக்குனு தொட்டா, பாதித் தூக்கத்துலேயே கடிக்க வர்ற பழக்கம் இந்த நாய்கள்ல நிறைய உண்டு. தள்ளி நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடணும், தலை தூக்கினதும் போகணும். குழந்தைங்க இருக்கிற வீட்ல இதைக் கண்டிப்பாச் சொல்லி வைங்க.

மெயில்ல வந்த கேள்விகள் சிலது.

"ராத்திரி தண்ணிக் கிண்ணத்தை எடுத்துடலாமா?" வேண்டாம். கசியறதுக்குக் காரணம் தண்ணி இல்ல. உண்மையிலேயே சிறுநீரகப் பிரச்சினை இருக்கிற நாய்னா தண்ணியை நிறுத்துறது ஆபத்து. நாங்க மாத்தினது தூங்கப் போற நேரத்தை மட்டும்: ராத்திரி பத்தே முக்காலுக்குக் கடைசியா ஒரு தடவை வெளியே. மழைன்னா ரெயின்கோட்.

"ஆண் நாய் முக்குது, வரல. ரெண்டு நாள் பார்க்கலாமா?" பார்க்கக் கூடாது. கல் அடைச்சிருக்கலாம். ஆண் நாய்க்குக் குழாய் நீளம், குறுகல். முக்கியும் வரலேன்னா அன்னைக்கே, ராத்திரின்னாலும், அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. அதே மாதிரி, வேகமா ஓடி விளையாடின அப்புறம் யூரின் காபி டிகாஷன் நிறத்துல வந்தா, தசை சிதைஞ்சு அது சிறுநீரகத்துல போய் அடைக்கிற ஆபத்து இருக்கு. தன் தகுதிக்கு மேல ஓடின கிரேஹவுண்டுகளுக்கு இது வரும். அதுக்கும் காத்திருக்கக் கூடாது.

"எங்ககிட்ட இருக்கிறது சிப்பிப்பாறை, இதே கணக்கு பொருந்துமா?" கோவில்பட்டியிலேர்ந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கார். சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் இதே மாதிரி ஒல்லி உடம்பு வேட்டை நாய்தான். ஆனா நான் சொன்ன ரத்த அளவு எல்லாம் கிரேஹவுண்டை வெச்சு எடுத்தது, அதை அப்படியே தூக்கி வைக்காதீங்க அண்ணே. யூரின் அடர்த்தி, கல்ச்சர், தூக்கமா முழிப்பாங்கிற தாள், இதெல்லாம் எந்த நாய்க்கும் பொருந்தும். உங்க டாக்டர்கிட்ட கிரியாட்டினின் கூட யூரின் அடர்த்தியையும் சேர்த்துக் கேளுங்க. நாய் நல்லா இருக்கும்போதே ஒரு தடவை ரத்தம் எடுத்து அந்தத் தாளை பத்திரமா வெச்சுக்குங்க, பின்னாடி ஒப்பிட அதுதான் உதவும்.

"இன்ஸ்பெக்‌ஷன் என்னாச்சு?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீங்க. ஏஜென்ட் வந்தாங்க, கார்ப்பெட்டைப் பார்க்கவே இல்ல. மல்லி அவங்க கால்மேல சாய்ஞ்சு நின்னுட்டா. கிரேஹவுண்ட் பிடிச்சவங்க மேல முழு எடையையும் போட்டுச் சாயும். பத்து நிமிஷம் அவங்களால நகர முடியல.

அம்மா ஊருக்குப் போய் நாலு மாசம் ஆச்சு. வாட்ஸ்அப்ல கூப்பிட்டா முதல் கேள்வி "அவ படுக்கை காய்ஞ்சிருக்கா?"தான், நான் சாப்பிட்டேனாங்கிறது ரெண்டாவது. அடுத்த வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ், நிஜமாவே. கேள்வி இருந்தா வழக்கமான முகவரிக்கு அனுப்புங்க. பார்க்கலாம் மக்களே.